எண்ணாமல் எண்ணும் கலை

"மோல்" என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் வாடுகிறதா? இவ்வாண்டுத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பில் பலரது நிலை அதுதான். "அறிவியல் பிரிவே வேண்டாம், வேறு பிரிவுக்கு மாறிவிடலாம்" என்று விண்ணப்பம் எழுதத் துணிந்தவர்களும் உண்டு. அச்சொல்லின் உட்பொருளை உணர்ந்தால் அச்சம் ஓடிவிடும் என்பதே என் அனுபவம்.

மோல் என்பது ஓர் எண்ணிக்கைப் பெயர், அவ்வளவே. கடைத்தெருவில் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். முட்டையை டஜன் என்கிறோம். பொத்தான் வியாபாரி 144 பொத்தான்களைச் சேர்த்து ஒரு குரோஸ் என்கிறார். அவ்வாறே வேதியியலார் 602214076 என்று எழுதி, அதன் பின் 15 சுழிகள் இட்டு, அந்த எண்ணிக்கையை ஒரு மோல் என்கின்றனர். இதுவே அவகாட்ரோ எண்.

இது எவ்வளவு பெரியது? உலகில் இன்று 800 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். 800 கோடிப் பேரும் உண்ணாமல் உறங்காமல், நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும், ஒரு மோலை எண்ணி முடிக்க ஏறக்குறைய 24 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு மோல் தண்ணீர் வெறும் 18 கிராம்தான். தாகத்துக்கு ஒரு வாய் குடித்தால், அத்தனை மூலக்கூறுகளும் நம் தொண்டைக்குள் இறங்கிவிடுகின்றன! மூலக்கூறு எவ்வளவு சிறியது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

எண்ண முடியாததை எப்படி எண்ணுவது? எடை போட்டுத்தான். கார்பனின் அணு நிறை 12. எனவே 12 கிராம் கார்பன் ஒரு மோல். இரும்பின் அணு நிறை ஏறக்குறைய 56. எனவே 56 கிராம் இரும்பு ஒரு மோல். எடை வேறு, எண்ணிக்கை ஒன்றே. இதை மாற்றிச் சொன்னால், எடை ஒன்றாக இருந்தால் எண்ணிக்கை ஒன்றாக இராது.

இந்த ஒரு வரி எங்கள் வீட்டில் செய்த நன்மையைச் சொல்கிறேன். என் அத்தை வீட்டிலிருந்தபடியே ஒரு வியாபாரிக்குப் பொத்தான்களைத் தரம் பிரித்துக் கொடுப்பவர். கூலி குரோஸ் கணக்கு. ஆனால் யாரும் எண்ணுவதில்லை. மூட்டையை எடை போட்டுக் கணக்கிடுவார்கள். சென்ற மழைக்காலத்தில் பெரிய பொத்தானுக்குப் பதிலாகச் சிறிய பொத்தான் வரத் தொடங்கியது. அத்தை முன்போலவே உழைத்தும் கூலி போதவில்லை. "கண்ணு மங்கிப் போச்சு, கை ஓட மாட்டேங்குது" என்று தம்மையே நொந்துகொண்டார்.

அந்த வாரந்தான் எங்களுக்கு மோல் பாடம். கார்பனும் இரும்பும் என் மனத்தில் பொத்தான்களாக மாறின. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? இரண்டு வகையிலும் நூறு நூறு எண்ணி, மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். பெரியவை 25 கிராம். சிறியவை 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோவில் பெரியவை 4000; சிறியவை 5000. வியாபாரியோ பழைய 4000 கணக்கையே போட்டு வந்திருந்தார். கிலோவுக்கு 1000 பொத்தான், அதாவது ஏறத்தாழ 7 குரோஸின் கூலி, அத்தைக்கு வராமல் போயிற்று.

கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அத்தை அதை எடுத்துச் சென்றார். வியாபாரியும் தம் கையாலேயே நூறு எண்ணி எடை போட்டுப் பார்த்து, ஒப்புக்கொண்டு, பாக்கியைக் கொடுத்தனுப்பினார். "உன் பாடப் புத்தகம் உலை வைக்கவும் உதவும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது கண்ணு" என்றார் அத்தை. தேர்வில் பெற்ற எந்த மதிப்பெண்ணும் அவ்வளவு இனித்ததில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. மோல் என்றால் எதன் மோல் என்று கேட்க வேண்டும். 32 கிராம் ஆக்சிஜனில் மூலக்கூறுகள் ஒரு மோல். அணுக்களோ இரண்டு மோல். 58.5 கிராம் சமையல் உப்பில் சோடியம் அயனி ஒரு மோல், குளோரைடு அயனி ஒரு மோல். "ஒரு டஜன் கொடுங்கள்" என்றால் கடைக்காரர் "எதில்?" என்று கேட்கமாட்டாரா?

சமன்பாடுகளுக்கும் இதுவே திறவுகோல். 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 36 கிராம் நீராகின்றன. கிராமில் பார்த்தால் ஒழுங்கு புலப்படாது. மோலில் பாருங்கள்: இரண்டும் ஒன்றும் சேர்ந்து இரண்டு! இயற்கை எண்ணிக்கை பார்த்தே கைகோக்கிறது.

இவ்வெண்ணுக்குப் பெயர் தந்த அவகாட்ரோ, சட்டம் பயின்ற இத்தாலியர். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன என்று 1811-இல் கூறினார். அன்று உலகம் பெரிதாகச் செவிசாய்க்கவில்லை. 1856-இல் அவர் மறைந்தார். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் கன்னிசாரோ என்னும் இத்தாலியர் அக்கருத்தை எடுத்துரைத்தார். பின்னரே அது வேரூன்றியது. 1909-இல் பிரான்சின் ழான் பெரன் இவ்வெண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். 1971-இல் மோல் அனைத்துலக அடிப்படை அலகுகளுள் ஒன்றாயிற்று. 2019 மே 20 முதல், மேலே கூறிய எண்ணே அதன் துல்லியமான வரையறை.

தோழியரே, கண்ணுக்குத் தெரியாததையும் நேர்மையாகக் கணக்கிட முடியும் என்பதே மோல் நமக்குக் கற்பிக்கும் பாடம். நம் வீடுகளில் கணக்கில் வராத உழைப்பு எவ்வளவோ உண்டு. கற்ற கல்வியால் அதையும் எண்ணிப் பார்ப்போம்; உழைப்பவர் பங்கு உழைப்பவரைச் சேரச் செய்வோம்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி