டைனமோவும் சூரியத் தகடும்

உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக் கோடியில் துருப்பிடித்த சைக்கிள் டைனமோ ஒன்று இன்னமும் கிடக்கிறது. அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து, சொட்டு எண்ணெயில் இரவைக் கழித்தோம். ஆனால் செய்தி வேண்டுமே! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, 6 வோல்ட் டைனமோவின் ஆடலோட்டத்தை நான்கு டயோட்டுகளால் நேரோட்டமாக்கி வானொலியில் இணைத்தோம். இரவில் பி.பி.சி. தமிழோசை முடியும்வரை நான் மிதிகட்டையைக் கையால் சுற்றுவேன். கை தளர்ந்தால் குரல் தேயும். "தம்பி, விடாதை" என்பார் ஐயா. என் பத்திரிகைத் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

பிற்பாடு மின்சாரம் வந்தது. ஐயா போய்விட்டார். டைனமோவையும் மறந்துவிட்டேன்.

2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லாமல், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. அம்மாவுக்கு ஈளை நோய். ஒருநாள் நள்ளிரவில் இழுப்பு வந்தபோது நெபுலைசர் வேலை செய்யவில்லை. மின்சாரம் வரும்வரை அவரை நிமிர்த்தி இருத்தி, பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன். பிறர் துன்பத்தை முப்பது ஆண்டுகளாகச் செய்தியாக்கியவன், அன்று வெறுங்கையனாய் இருந்தேன்.

பொருள்களின் விலை சற்று இறங்கியதும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். கலைப்பட்டதாரிக்கும் எட்டும் கணக்குத்தான். நெபுலைசர் 120 வாட், அரை மணி நேரம். 7 வாட் மின்குமிழ்கள் மூன்று, ஆறு மணி நேரம். 50 வாட் மின்விசிறி, ஆறு மணி நேரம். கூட்டினால் 500 வாட்மணிக்குச் சற்றுக் குறைவு. 12 வோல்ட், 100 அம்பியர்மணி ஈய அமிலப் பற்றரியில் 1200 வாட்மணி உண்டு. ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் தேயும். ஆகவே நமக்கு 600தான். அதை மறுநாளே நிரப்ப 200 வாட் தகடு ஒன்று, இடையில் மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்று, இன்வேர்ட்டர் ஒன்று. யாழ்ப்பாணம் வட அகலாங்கு பத்துப் பாகைக்கு அருகில் இருப்பதால், தகட்டைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்த்தால் போதும்.

பூட்டிய பின்தான் என் பிழை தெரிந்தது. பிற்பகலில் மேற்கு எல்லைப் பனையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தது. கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு மூலை மறைந்தாலே உற்பத்தி பெருமளவு சரியும். "பனையைத் தறிச்சுவிடுங்கோ அண்ணை" என்றார் வேலைக்கு வந்தவர். பதுங்குகுழிகளுக்காக எங்கள் காணியில் தறிபட்ட பனைகளுள் தப்பியது அது ஒன்றே. தகட்டைக் கழற்றிக் கிணற்றடித் தண்ணீர்த்தாங்கியின் மேல் ஏற்றினேன். வயர் கூடுதலாகச் செலவானது. பரவாயில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதாகச் சொல்லப்பட்டது. நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. பக்கத்து வீட்டுக் கூரை நிறையத் தகடுகள், ஆனால் அங்கும் மின்சாரமில்லை. பற்றரியின்றி மின்வலையோடு மட்டும் இணைந்தவை, வலை நின்றால் தாமும் நின்றுவிடும். வழியில் திருத்த வேலை செய்பவரை மின்சாரம் தாக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நியாயமானதே. ஆயினும் அவசரத்துக்கு உதவுவது பற்றரிதான். பலர் இதை அறியாமலே பணம் போடுகிறார்கள்.

அன்று எங்கள் வீட்டில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கரண்ட் இல்லையெண்டாய். அப்ப இதை ஆர் தம்பி சுத்துறது?"