மூஞ்சி தெரியல

எங்க ஆயாவை நான் எடுத்த முதல் படத்துல ஆயா இல்லை. சுண்ணாம்பு அடிச்ச சுவர் இருந்துச்சு. வெள்ளைச் சீலை இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல கரி பூசின மாதிரி ஒரு திட்டு. அதுதான் ஆயா மூஞ்சி.

அது 1993. நான் கல்லூரியில ரெண்டாம் வருஷம், விடுதியில தங்கிப் படிச்சேன். ஸ்காலர்ஷிப் பணம் மொத்தமா வந்த மாசம், கைமாறி வந்த ஒரு பழைய ஜெனித் கேமராவை வாங்கிட்டேன். வீட்ல தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாங்க. ஆனா எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எங்க தாத்தா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாது. எங்க சேரியில யாரு வீட்டுச் சுவத்துலயும் செத்தவங்க படம் கிடையாது. அம்பேத்கர் படம் இருக்கும், சாமி படம் இருக்கும், எங்க ஆளுங்க படம் இருக்காது. ஆயாவாவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன்.

டவுன்ல படம் எடுக்கிறதுல ஆசை உள்ளவங்க மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவாங்க. வக்கீல், டாக்டர், பேங்க் ஆபீசர்னு பெரிய மனுஷங்க. ஆளாளுக்கு எடுத்த படத்தை மேசையில வைக்கணும், மத்தவங்க குறைநிறை சொல்லணும். நானும் ஆயா படத்தை வச்சேன். மூத்தவர் ஒருத்தர் எடுத்துப் பார்த்தார். "கருப்பு ஆளுங்களை எடுக்கிறது கஷ்டம் தம்பி. நல்ல முகமாப் பாத்து எடுங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அன்னைக்கு நான் சிரிச்சது இன்னைக்கும் என்னை அறுக்குது.

படத்தை எடுத்துக்கிட்டு நேரா ஸ்டுடியோ இருட்டறையில வேலை பார்த்த அண்ணன்கிட்ட போனேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "நெகடிவைக் கொடு"ன்னு வாங்கி வெளிச்சத்துல பிடிச்சார். மூஞ்சி இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. "இங்க ஒண்ணுமே விழல. விழாததைப் பேப்பர்ல எங்க தேடுறது? மீட்டரை எங்க வச்சுப் பாத்த?"

நான் தூரத்துல நின்னு பார்த்தேன். மீட்டர் முள்ளுக்கு ஆயா யாரு, சுவர் எதுன்னு தெரியாது. எதிரே இருக்கிற எல்லாத்தையும் சேர்த்து சராசரி சாம்பல் நிறமாத்தான் அது எடுத்துக்கும். நூத்துக்குப் பதினெட்டு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற சாம்பல்னு அதுக்கு ஒரு கணக்கு. வெள்ளைச் சுவரைச் சாம்பலாக்கப் பாத்துச்சு, அதுல ஆயா அடியோட மறைஞ்சுட்டா. "கிட்டப் போ. மூஞ்சிக்கு நேரா மீட்டரைப் பிடி. அது சொல்றதையும் அப்படியே நம்பாத, கருப்பையும் சாம்பலாக்கிடும். ஒரு ஸ்டாப் குறைச்சு வை. கருப்பு கருப்பாத்தான் விழணும், ஆனா உள்ள இருக்கிற கோடெல்லாம் தெரியணும்."

ரெண்டு பேரும் குறைதான் சொன்னாங்க. ஒருத்தர் சொன்ன குறை ஆயா மேல விழுந்துச்சு, இன்னொருத்தர் சொன்னது என் கை மேல விழுந்துச்சு. எங்க ஆயா நிறத்தை நான் திருத்த முடியாது. என் கையைத் திருத்தலாம்.

அடுத்த தடவை ஆயா களத்துமேட்டுல புடைச்சுக்கிட்டிருந்தப்ப கிட்டப் போய் எடுத்தேன். கிழிஞ்ச சீலை, தலையெல்லாம் தூசி. படம் பளிச்சுன்னு வந்துச்சு. கூட்டத்துல ஒரே பாராட்டு. "வறுமை அப்படியே வந்திருக்கு, போட்டிக்கு அனுப்புங்க"ன்னாங்க. பெருமையா ஊருக்கு எடுத்துட்டுப் போய் ஆயாகிட்ட காட்டினேன். ஆயா முகம் சுருங்கிப்போச்சு. "ஏண்டா, பிச்சைக்காரி மாதிரி புடிச்சு வச்சிருக்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சீலை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன் இல்ல?"

அந்தக் கூட்டத்துல இருந்த எவருக்கும் இந்தக் கேள்வி வரல. எனக்கும் வரல. படத்தைப் பத்திப் பேச முதல் பாத்தியதை யாருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

மூணாவது படம் ஆயா சொன்னபடி எடுத்தது. பொட்டியில இருந்த சீலை, எண்ணெய் வச்சு வாரின தலை, வாசப்படி நிழல். பிரிண்டை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "மூக்குத்தி தெரியுது"ன்னு மட்டும் சொன்னா. 1997ல ஆயா செத்தப்ப மாலை போட அந்தப் படம் இருந்துச்சு. எங்க தெருவுல அப்படி மாலை விழுந்த முதல் படம் அதுதான்.

இதெல்லாம் கத்துக்கிட்ட நான் அப்புறம் செஞ்ச காரியத்தையும் சொல்லணும். அடிபட்டதை மட்டும் எழுதி, அடிச்சதை மறைச்சா அது சாட்சியம் ஆகாது.

2002ல சித்தப்பா மகன் ஒரு ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்தான். சின்ன கேமராவுல அவனா எடுத்த படங்கள். என் சிநேகிதங்க கூட இருந்தாங்க. எனக்குள்ள இருந்த வித்வான் எழுந்துட்டான். "இது என்னடா, தலை பாதி வெட்டுப்பட்டிருக்கு. இது கலங்கல். ஃபிலிமுக்குப் புடிச்ச கேடு"ன்னு ஒவ்வொண்ணாத் தள்ளினேன். டவுன்ல என்னைச் சிரிச்ச அதே சிரிப்பு, இப்ப என் வாயில. தம்பி ஒண்ணும் பேசாம ஆல்பத்தை மூடிட்டான். அதுக்கப்புறம் அவன் கேமராவைத் தொடல. ஆல்பமும் நெகடிவும் மழையில ஊறிப்போச்சுன்னு பின்னால சொன்னான்.

சித்தப்பா இறந்தப்ப மாலை போடப் படம் இல்லை. வாக்காளர் அட்டையில இருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெருசாக்கி வச்சோம். அது சித்தப்பா மாதிரியே இல்லை. திருடன் மாதிரி முறைச்சுக்கிட்டிருந்துச்சு. அந்த ஆல்பத்துல சித்தப்பா மடியில பறையை வச்சுக்கிட்டு வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒண்ணு இருந்துச்சு. ஓரத்துல தலை கொஞ்சம் வெட்டுப்பட்ட படம். நான் தள்ளின படம்.

கார்டன் பார்க்ஸ் பத்திப் பிறகுதான் படிச்சேன். அமெரிக்கக் கறுப்பினத்தவர், 1912ல் பிறந்தவர், அடகுக்கடையில் வாங்கிய கேமராவில் தானாகக் கற்றவர். 1942ல் வாஷிங்டனில், அரசுக் கட்டடத்தைத் துப்புரவு செய்த எல்லா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்ணை அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு நிற்க வைத்து எடுத்தார். அவருடைய மேலாளர் ராய் ஸ்ட்ரைக்கர் வெள்ளைக்காரர். 1930களில் தனக்குப் பிடிக்காத நெகடிவ்களில் ஓட்டை போட்டு ஒழித்தவர். என் வாய் தம்பிக்குச் செய்ததும் அந்த ஓட்டையைத்தான். ஆனால் அதே ஸ்ட்ரைக்கர், இந்தப் படம் நம் எல்லோர் வேலைக்கும் உலை வைக்கும் என்று பார்க்ஸிடம் சொன்னாலும், அந்தப் பெண்ணோடு இன்னும் பழகு, இன்னும் எடு என்று திருப்பி அனுப்பினார். பார்க்ஸ் வாரக்கணக்கில் அவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் போனார். அந்தப் பெண் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் படங்கள் அப்படி வந்தவை. ஒரே ஆள், ரெண்டு விதமான விமர்சனம். ஒண்ணு படத்தைக் கொன்னுச்சு, இன்னொண்ணு அடுத்த படத்துக்கு வழி விட்டுச்சு.

இப்ப எங்க தெரு இரவுப் பாடசாலையில ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க செல்போன்ல எடுத்த படங்களை வச்சுப் பேசுறோம். மூணு பழக்கம் வச்சிருக்கோம். எடுத்தவங்க என்ன நினைச்சு எடுத்தாங்கன்னு முதல்ல சொல்லணும். படத்துல இருக்கிறவங்க என்ன சொன்னாங்கன்னு அடுத்து சொல்லணும். அப்புறம் மத்தவங்க கண்ணுல பட்டதைச் சொல்லி, அடுத்த தடவை செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லணும். ஒண்ணுதான், பத்து இல்லை. "சூப்பர்"னு சொல்லித் தப்பிக்கவும் கூடாது. நம்ம பிள்ளைதானேன்னு குறையை மறைக்கிறதும் அவங்களை மட்டமா நினைக்கிறதுதான். இருட்டறை அண்ணன் அன்னைக்கு எனக்கு "நல்லாயிருக்கு"ன்னு சொல்லியிருந்தா ஆயா கரித்திட்டாவே போயிருப்பா.

போன மாசம் ஒரு பொண்ணு அவங்க அம்மா படத்தைக் கொண்டு வந்தா. அம்மாவுக்கு நகராட்சியில ஒப்பந்தத் துப்புரவு வேலை. விடியக்காலையில, வேலை உடுப்போட, வெறுங்கையால குப்பை அள்ளுறாங்க. நல்ல படம். "அம்மா என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "வேணாம், அழிச்சிடுன்னாங்க. ஆனா இதுதானே சார் உண்மை?"ன்னா. எனக்குப் பதில் தெரியல. ஆயா சொன்னதும் உண்மை, பார்க்ஸ் எடுத்ததும் உண்மை. "அம்மாகிட்டயே உக்காந்து பேசு. எப்படி இருக்கணும்னு அவங்க சொல்றபடி இன்னொண்ணு எடு"ன்னு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு ரெண்டு படத்தோட வந்தா. ரெண்டாவதுல அம்மா பட்டுச்சீலை கட்டி வாசல்ல உக்காந்திருக்காங்க. ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்ததால மூஞ்சி இருண்டிருந்துச்சு. வெளிச்சத்தைப் பாத்துத் திருப்பி உக்கார வைன்னு ஒரு பையன் சொன்னான். எழுதிக்கிட்டா.

"முதல் படத்தை அழிச்சிட்டியா?"ன்னு கேட்டேன்.

"இல்ல சார். சீலை கட்டினது வீட்டுல மாட்டவாம். அதை, கையுறை கேட்டு மனு கொடுக்கறப்ப கூட வைக்கணுமாம். அம்மாதான் சொன்னாங்க."