தப்பு சொல்லித்தரும் தாளம்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவைப் பக்கத்து மலைத்தோட்டங்களில் மூட்டம் இறங்கினால் தப்பின் தோல் தளர்ந்துவிடும். அப்போது அடித்தால் சத்தம் அமுங்கிப்போகும். அதனால் லயத்து வாசலில் சருகும் மிலாறும் போட்டு நெருப்பு மூட்டுகிறார்கள். மூத்த கலைஞர் ஒருவர் தப்பை நெருப்புக்கு நேரே பிடித்து, சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சுகிறார். இடையிடையே விரலால் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்கிறார். தோல் கணீரென்று பேசும் வரை குச்சியைத் தொடுவதில்லை.

அவரிடம் பழகும் பள்ளிக்கூடப் பையனுக்கும் முதல் பாடத்தில் குச்சி கிடையாது. அடியை வாயால் சொல்ல வேண்டும், காலால் நடக்க வேண்டும். நடை நிலைத்த பிறகுதான் குச்சிகள் கைக்கு வரும். தடித்த குட்டைக் குச்சி தோலின் நடுவில் விழும். மெல்லிய நீளக் குச்சி விளிம்பில் சடசடக்கும். நடு அடி காலத்தைக் காட்டுகிறது, விளிம்பு அடி அதன் இடைவெளிகளில் புகுந்து விளையாடுகிறது. ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவரும் தம் கைகளையும் கால்களையும் இப்படித்தான் வேலை பிரித்துப் பழக்குகிறார்.

ஜாஸின் அடிப்படையைப் புத்தகத்தில் படித்துக் குழம்பியவர்கள் இந்த வாசலில் கொஞ்ச நேரம் நிற்கலாம். நாலு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இராணுவ அணிநடை ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தும். ஜாஸ் கேட்பவர்கள் இரண்டிலும் நாலிலும் கைதட்டுவார்கள். டிரம்ஸ்காரரின் கால் ஹை-ஹாட் தாளத்தட்டுகளை மூடுவதும் பெரும்பாலும் அங்கேதான். அடுத்தது ‘ஸ்விங்’. ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே போய், ‘கி’யை மட்டும் வாய்க்குள் விழுங்கிப் பாருங்கள். முதல் அசை நீண்டு, கடைசி அசை குறுகி ஒலிக்கும். ஸ்விங்கின் எளிய அளவு அதுதான். வேகம் கூடக்கூட அந்த நீளமும் குறுக்கமும் ஒன்றையொன்று நெருங்கும். அதைத் தாளில் எழுதிக் காட்டுவது சிரமம். இங்கேயும் எவரும் எழுதிக் கற்பதில்லை.

பெரியவர் ஓர் அடியைப் போடுகிறார், மற்றத் தப்புகள் பதில் சொல்கின்றன. பதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிறது. காமன் கூத்தில் ரதி மதன் பாட்டின் அடிகளுக்கிடையே தப்பு புகுந்து பேசுவதும் இதே முறைதான். அழைப்பும் பதிலும், அந்த நேரத்துக் கற்பனையும் ஜாஸுக்கும் உயிர்.

நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில், அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிறுதோறும் கூடி முழக்கிய தாளங்கள் ஜாஸின் வேர்களில் ஒன்று. மாத்தளைக்குத் தப்பு வந்த வழியும் வலி நிறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். நோயிலும் பசியிலும் பலர் வழியிலேயே மடிந்தார்கள். பிறகு தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அழைத்ததும் தப்புதான், சாவு வீட்டுக்கு முன்னால் நின்றதும் தப்புதான். இரண்டு வரலாறுகளையும் ஒன்றென்று சொல்லக்கூடாது. அடிமைமுறை வேறு, ஆள் திரட்டிய கங்காணியின் கடன்கட்டு வேறு. ஆனால் ஆளின் உழைப்பை முழுதாக வாங்கிக்கொண்டவர்களால் அவனுடைய தாளத்தை வாங்க முடியவில்லை என்பது இரண்டு இடத்திலும் உண்மை.

ஜாஸ் கலைஞர்களும் தெருவில் கற்றதுண்டு. டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1958இல் துருக்கி, இந்தியா, இலங்கை என்று பயணம் செய்தது. இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் கேட்ட 9 எண்ணிக்கைத் தாளத்தை, 2+2+2+3 என்ற பிரிவோடு, ‘புளூ ரோண்டோ ஆ லா துர்க்’ ஆக்கினார் புரூபெக். அது இடம்பெற்ற 1959ஆம் ஆண்டு ‘டைம் அவுட்’ இசைத்தட்டில்தான் போல் டெஸ்மண்டின் ‘டேக் ஃபைவ்’ வந்தது. அதன் 5 எண்ணிக்கையைத் ‘தகிட தக’ என்று சொன்னால் நம் காதுக்கு உடனே பிடிபடும்.

ஜாஸுக்குக் கிடைத்த மதிப்பு தப்புக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. சாவு மேளம் என்றும் சாதியோடு சேர்த்தும் இழிவாகப் பேசியதால், பிள்ளைகளைப் பழக அனுப்பத் தயங்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த இழிவு வாத்தியத்தில் இல்லை, பேசியவர்களிடம் இருக்கிறது. மேடையில் கைதட்டுபவர்கள் தப்புக்காரருக்கு நியாயமான கூலியும், மற்றக் கலைஞருக்குக் கொடுக்கும் நாற்காலியும் கொடுக்க வேண்டும்.

பையன் இப்போது பதில் அடி வரை வந்திருக்கிறான். வேகம் ஏறும்போது இடதுகைக் குச்சி பின்தங்குகிறது. பெரியவர் அவனை மறுபடி வாயால் சொல்லி நடக்கச் சொல்கிறார். மாசியில் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதற்குள் அவன் தப்பு வரிசையில் நிற்கத் தேற வேண்டும்.