கைப்பக்குவம்

முதன்முதலில் ஒரு ஷாம்பெயின் போத்தலைத் திறந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் வேலை. தக்கை 'டப்' என்று தெறிக்கக் கூடாது, பெருமூச்சு மாதிரி ஓசை வந்தால் போதும் என்று சொல்லித் தந்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"குடியிலதான் உங்கப்பா போனாரு. நீ அதையே ஊத்திக் கொடுக்கப் போறியா?"

அப்பா குடித்தது சம்சு. அவர் போன பிறகு கிள்ளானில் இருந்த மசாலா மில்லை அம்மாதான் நடத்தினார். அதை நான் எடுத்து நடத்துவேன் என்பது அவர் கணக்கு. எனக்கு மிளகாய் நெடியிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

ஹோட்டல் பயிற்சியில்தான் பொலிஞ்சர் குடும்பத்தின் கதையைக் கேட்டேன். பிரான்சில், ஷாம்பெயின் வட்டாரத்தில் ஆயி என்ற சிற்றூர். 1829இல் தொடங்கிய நிறுவனம். தொடங்கியவர்களில் ஒருவரான வில்லர்மோன் பிரபு வம்சத்தவர் என்பதால் வியாபாரத்தில் பெயர் போட முடியவில்லை. கூட்டாளியும் பிறகு மருமகனுமான பொலிஞ்சரின் பெயரே நிலைத்தது. இன்றுவரை குடும்பச் சொத்து.

1941இல், பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த நேரம், ஜாக் பொலிஞ்சர் இறந்துபோனார். மனைவி லில்லிக்கு நாற்பத்தொரு வயது சொச்சம். பிள்ளைகள் இல்லை. முப்பது வருடம் அந்த அம்மாதான் நிர்வாகம். திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்ப்பாராம்.

அவர்கள் ருசி கனமானது. பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சைதான் அதில் தூக்கல். எஃகுத் தொட்டிகள் வந்த பிறகும் பழைய ஓக் பீப்பாய்களை விடவில்லை. பீப்பாய் பழுது பார்க்கச் சொந்தமாக ஆள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நல்ல ஆண்டின் வைனிலும் கொஞ்சம் ஒன்றரை லிட்டர் போத்தல்களில் அடைத்து, வருடக்கணக்கில் நிலவறையில் கிடத்துகிறார்கள். ஒரு வருடம் மழையால் விளைச்சல் சரியில்லை என்றால் அந்தப் பழசைக் கலந்து ருசியைச் சமன் செய்கிறார்கள். சட்டப்படி ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயினைப் பதினைந்து மாதம் வைத்திருந்தால் போதும். இவர்கள் அதைப்போல இரு மடங்குக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

1967இல் லில்லி இன்னொன்றும் செய்தார். ஈஸ்ட் வண்டலோடு பல வருடம் கிடந்த 1952ஆம் ஆண்டு வைனை, வண்டல் நீக்கிய கையோடு விற்பனைக்கு அனுப்பினார். பழைய சரக்கு, ஆனால் புத்துணர்ச்சி போகாதது.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு மில்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு மூட்டை மிளகாயும் ஒரு மாதிரி. ஒன்றில் காரம், ஒன்றில் நிறம். அம்மா போன தடவை மிளகாயில் கொஞ்சம் எப்போதும் ஒதுக்கி வைப்பார். புது மூட்டை வந்தால் நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, இரண்டையும் கலப்பார். எந்த மாதம் வாங்கினாலும் தூள் ஒரே ருசி. அளவு எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஒரு தீபாவளி லீவில் லில்லி கதையை அம்மாவிடம் சொன்னேன். அதிசயமாக, திட்டாமல் கேட்டார்.

"அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இல்லன்னியே. அப்புறம் யாரு பார்த்தா?"

"சொந்தக்காரப் பசங்கம்மா. 1971ல அவங்ககிட்ட ஒப்படைச்சிட்டாங்க. கூடவே வச்சிப் பழக்கியிருந்தாங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப, பிள்ளை இருந்தா மட்டும் பத்தாது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அம்மாவின் முட்டி தேய்ந்த பிறகு மில்லை விற்றோம். ஆறு வருடமாகிறது. வாங்கியவர் பெயர்ப்பலகையை மாற்றவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்று நினைத்திருப்பார். போன மாதம் ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தேன். அம்மா பிரித்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார்.

நான் இன்னும் போத்தல் திறக்கிறேன். சத்தம் வராமல்.