ரஹீம் சாப் மணி கேட்டார்

14 ஏப்ரல் 2024, ஞாயிறு, செகந்திராபாத்

காலையில் வேப்பம்பூப் பச்சடி, மாலையில் 'மைதான்'. வருஷம் பிறந்த அன்றைக்கே சினிமாவா என்று வீட்டில் முணுமுணுப்பு. பேரன்தான் இழுத்துக்கொண்டு போனான். "தாத்தா, உங்க ரஹீம் சாப் படம்" என்றான். உங்க என்ற சொல்லை அழுத்திச் சொன்னான். அந்த அளவுக்கு அவனை நான் படுத்தியிருக்கிறேன் போலும்.

சையத் அப்துல் ரஹீம். 1950 முதல் 1963இல் கண்மூடும்வரை இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார், ஹைதராபாத்காரர். அஜய் தேவ்கன் முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டு நன்றாகவே செய்திருக்கிறார். பாட்டுக்கு நம்ம ரஹ்மான். பத்திரிகைக்காரர் ஒருவரை வில்லனாக்கியிருப்பதெல்லாம் மசாலா; போகட்டும். கடைசியில் வருகிற 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டிதான் படம். தென்கொரியாவை இந்தியா 2-1 என்று ஜெயிக்கும் என்பது நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். இருந்தும் இருக்கையின் கைப்பிடியை விடவில்லை. ஜர்னைல் சிங் தலையில் கட்டோடு வந்து கோல் போட்டபோது பேரன் எழுந்து நின்று கத்தினான். நான் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கேட்டான்: "இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?"

அப்பா இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இரண்டு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

15 ஏப்ரல்

அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கம் இப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, மைதானத்தில் தக்கனி உருது.

அப்பாவுடைய இளமை முழுக்க ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் காலம். 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து வருஷம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை அவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அணிக்கும் ரஹீம்தான் பயிற்சியாளர். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு அப்போது போலீஸ் என்றாலே கிலி என்பார் அப்பா. அவர் சொல்கிற ஸ்கோர்களை மட்டும் நம்பக் கூடாது. 1962 இறுதிப்போட்டி அவர் வாயில் ஒரு வருஷம் 3-1 ஆகும், இன்னொரு வருஷம் 3-0 ஆகும். நான் திருத்தினால் கோபம் வரும். "நீ பொறந்தே ரெண்டு வருஷம் ஆகல, உனக்கென்னடா தெரியும்?"

ஆனால் ஒரு கதை மட்டும் கடைசிவரை மாறவேயில்லை. ஃபதே மைதானில் ஒருநாள் பயிற்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டு கயிற்றோரம் நின்றிருக்கிறார். ரஹீம் சாப் இவர் பக்கம் திரும்பி மணி என்ன என்று கேட்டிருக்கிறார். இவரிடம் கைக்கடிகாரம் இல்லை. தெரியாது என்று தலையாட்டினார். அவர் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் கதை. அடுத்த வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பா கடிகாரம் வாங்கினார். பிறகு ரஹீம் சாப் எங்கே மணி கேட்டார்?

பெரிய கதை கட்ட வேண்டுமென்றால் தோளில் தட்டினார், பெயர் கேட்டார் என்று கட்டியிருப்பார். மணி கேட்டதோடு நிறுத்திக்கொண்டதால்தான் இதை நான் நம்புகிறேன்.

16 ஏப்ரல்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அப்பா சொல்லாத கதை.

1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. நம்மவர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு, அந்த ஊர்க் குளிரில். பயிற்சியாளர் இதே ரஹீம்தான். அதற்கு முந்தைய வருஷம்தான் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கித் தந்திருந்தார். இந்த 10-1ஐ அப்பா வாயிலிருந்து ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. நாற்பது வயதுக்கு மேல் நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்த அன்றைக்கு யாரோ வீட்டுக்குள் புகுந்து அப்பாவின் படத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கோச் 10-1 என்று தோற்றுவிட்டு ஊர் திரும்ப முடியுமா? விமானம் தரையிறங்குவதற்குள் ராஜினாமா கேட்டிருப்பார்கள். ரஹீமை விட்டுவைத்தார்கள். பூட்ஸ் கட்டாயமானது. ரஹீம் திரும்பி வந்து ஹங்கேரிக்காரர்கள் ஆடிய ஆட்டத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார். முன்னால் நிற்க வேண்டிய ஃபார்வேர்டைப் பின்னால் இழுத்து ஆடவைக்கும் தந்திரம் அது. நான்கே வருஷத்தில் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று அடித்தார்கள். நெவில் டிசோசா மூன்று கோல். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோல் நம்முடையது. பிறகு 4-1 என்று தோற்றது வேறு விஷயம். நான்காவது இடம். ஒலிம்பிக்கில் அதற்கு மேல் நாம் போனதேயில்லை.

அந்த அணியில் எங்கள் ஊர் ஆட்கள் எத்தனை பேர்: நூர் முகம்மது, அஜீசுதீன், அகமது ஹுசைன், ஜுல்பிகாருதீன், தங்கராஜ், பலராம்.

21 ஏப்ரல், ஞாயிறு

பேரனைக் கூட்டிக்கொண்டு அம்முகூடா போனேன். கன்டோன்மென்டின் வடக்கு ஓரம். இப்போது அடுக்குமாடிகள், பேக்கரிகள், ஒரு ரயில் நிலையம். துளசிதாஸ் பலராம் பிறந்த இடம் என்பதற்கு நான் தேடிய வரையில் ஓர் அடையாளமும் கண்ணில் படவில்லை.

ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் பலராம். அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வா என்று ரஹீம் கூப்பிட்டார். தினமும் அங்கே போய்வரக் காசில்லை என்றார் பையன். ரஹீம் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார், சைக்கிள் வாடகைக்கு. பலராமே முதுமையில் பேட்டிகளில் சொன்னது இது. அம்முகூடாவிலிருந்து ஃபதே மைதானுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. போக ஒரு மிதி, வர ஒரு மிதி, நடுவில் பயிற்சி. 1956இல் மெல்போர்ன் அணியில் பெயர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல். 1962இல் ஜகார்த்தா தங்கம். 2023 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில் காலமானார்.

"ஒரு ரூபாய்க்கு அப்போ என்ன வரும் தாத்தா?"

"ஒரு ஃபார்வேர்ட் வருவான்."

சிரித்தான். நான் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. ரஹீமைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தந்திரம், வியூகம், பிரேசிலுக்கு முன்னாலேயே 4-2-4 என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அவர் வாத்தியாராகத்தான் தெரிகிறார். டிரிப்ளிங் செய்யக் கூடாது என்று விதி வைத்துப் போட்டி நடத்துவார், பாஸ் பழகுவதற்கு. பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. இடது கையால் எழுதச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குகிற மாதிரி. எந்தப் பையன் பசியோடு வருகிறான், எவனுக்குச் சைக்கிள் இல்லை என்று பார்க்கும் கண் வகுப்பறையில் வளர்வது.

தங்கராஜைப் பற்றியும் சொன்னேன். ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரியில் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். ஃபார்வேர்டாகத் தொடங்கி கோல்கீப்பர் ஆனவர், பனைமரம் மாதிரி உயரம். ஜகார்த்தாவில் காய்ச்சலில் படுத்திருந்தவரை இறுதிப்போட்டிக்கு ரஹீம் இறக்கினார். அதுவரை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்த பிரத்யுத் பர்மனை உட்காரவைத்துவிட்டு இந்த முடிவு. டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். பின்னால் முட்டி மோத முடியாது என்று அவரை முன்னால் அனுப்பிவிட்டார். இரண்டு சூதாட்டம். இரண்டும் பலித்தன.

அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல் வேறு. தைவானையும் இஸ்ரேலையும் சேர்க்காததைக் கண்டித்து நம்ம விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி பேசியதில் இந்தோனேசியர்களுக்கு அத்தனை கோபம். இந்தியத் தூதரகத்தையே தாக்கினார்கள். அந்த மாலை நேரத்தில் ரஹீமின் நுரையீரலில் புற்று. இதெல்லாம் படத்தில் வருகிறதுதான், ஆனால் கூட்டிக் கழித்துச் சொல்வதில் ஒரு ருசி இருக்கிறதே.

19 மே, ஞாயிறு

பேரன் இன்று அழுதான். லிவர்பூலை விட்டுப் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் போகிறார். 2015 அக்டோபரில் வந்தவர். கடைசி ஆட்டம், வுல்வ்ஸுக்கு எதிராக 2-0. ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது இவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆன்ஃபீல்டை நேரில் பார்த்ததில்லை. லிவர்பூல் எந்தத் திசை என்று கேட்டால் திணறுவான். கேலி செய்ய வாயெடுத்தேன். கைக்கடிகாரம் இல்லாத ஒரு ஃபிட்டர் ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஊருக்கு இது புதிதல்ல. 1974 ஜூலையில் பில் ஷாங்க்லி விலகியபோது, தெருவில் மைக்கோடு போய்ச் செய்தி சொன்ன டிவி நிருபரைப் பையன்கள் நம்ப மறுத்தார்கள். அந்தப் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஷாங்க்லிக்குக் கையை விரித்து நிற்கும் சிலை, அவர் பெயரில் வாசல் எல்லாம் இருக்கிறது. க்ளோப் ஆடவைத்த ஒவ்வொரு ஆட்டமும் இவன் செல்போனிலேயே இருக்கும், எண்பது வயதிலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கொடுத்துவைத்தவன். ரஹீமின் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அஜய் தேவ்கன் குரலை அதன்மேல் ஒட்டிவைக்க மனமில்லை.

6 ஜூன், வியாழன்

கல்கத்தா சால்ட் லேக். சுனில் சேத்ரி விடைபெறும் சர்வதேச ஆட்டம். குவைத்துடன் 0-0. 151 ஆட்டம், 94 கோல், கடைசியில் ஒரு கோல் கூடக் கிடைக்கவில்லை. இனி இவருக்காகவும் ஏங்குவோம்.

11 ஜூன், செவ்வாய், நள்ளிரவு தாண்டி

1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். இன்றோடு 61 வருஷம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பேப்பர் துண்டு ஒன்று இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து இப்போது நாலு துண்டு. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

இரவு தோஹாவில் கத்தாருடன் ஆட்டம். ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல்முறையாக மூன்றாம் கட்டம். 37வது நிமிஷம் சாங்தே கோல். நானும் பேரனும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். 73வது நிமிஷம் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனது. எல்லோருக்கும் தெரிந்தது. நம் பையன்கள் நின்றுவிட்டார்கள். கத்தார்காரர் ஒருவர் அதை உள்ளே இழுத்துவிட, இன்னொருவர் வலைக்குள் தள்ளிவிட்டார். நடுவர் கோல் என்று சொல்லிவிட்டார். இந்தக் கட்டத்தில் வீடியோ நடுவரும் கிடையாது. 85இல் இன்னொரு கோல். 2-1. முடிந்தது.

"ரஹீம் சாப் இருந்திருந்தா?" என்றான் பேரன்.

இந்த நாட்டுக் கால்பந்து ரசிகனின் தேசியகீதம் அந்த 'இருந்திருந்தா'. கல்கத்தாவிலும் கோழிக்கோட்டிலும் எங்கள் லாலாகுடாவிலும் அறுபது வருஷமாக இதைப் பாடித்தான் தூங்கப் போகிறார்கள். அவர் இருந்திருந்தால், விசில் அடிக்கும்வரை நிற்காதே என்று சொல்லிக்கொடுத்திருப்பார். எந்தப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டரும் முதல் நாள் சொல்வது அது. ஆனால் பந்து வெளியே போனது போனதுதான். அதை எந்த வாத்தியாராலும் உள்ளே கொண்டுவர முடியாது. இதைப் பேரனிடம் சொல்லவில்லை. அவன் ஏற்கெனவே கதவை அறைந்துகொண்டு போய்விட்டான்.

17 ஜூன், திங்கள்

பக்ரீத். எதிர்வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. மாலையில் செய்தி: பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் நீக்கம்.

ரஹீமைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இவரைப் பொறுக்கக் கூடாதா என்று எழுத வந்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். 2019இலிருந்து ஐந்து வருஷம் கொடுத்துத்தான் பார்த்தார்கள். பொறுமை மட்டும் போதாது. பொறுத்த காலத்தில் கீழே மைதானங்களில் யாராவது பையன்களைத் தேட வேண்டும். ரஹீம் ஜகார்த்தாவுக்குக் கூட்டிப்போனவர்களைப் பல வருஷம் முன்பிருந்தே பார்த்துவைத்திருந்தார். ஒருவனுக்குச் சைக்கிள் வாடகைகூடக் கொடுத்திருந்தார். அவருக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கிடைத்தது 1970 பாங்காக்கில் ஒரே ஒரு வெண்கலம். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி. ஜகார்த்தா இறுதிப்போட்டியில் முதல் கோல் போட்டவர், ரஹீமின் மாணவர். பாடம் ஒரு தலைமுறை தாங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு பதக்கமே இல்லை.

20 ஜூலை, சனி

புதிய பயிற்சியாளர்: மனோலோ மார்க்கெஸ். பார்சிலோனாக்காரர். 2022இல் ஹைதராபாத் எஃப்சிக்கு ஐஎஸ்எல் கோப்பை வாங்கித் தந்தவர். இந்த வருஷம் கோவா அணியையும் இந்திய அணியையும் சேர்த்தே பார்ப்பாராம். ஒரு ஆள் எப்படி இரண்டு அணி பார்க்க முடியும் என்றான் பேரன்.

"ரஹீம் சாப் பார்த்தாரே! போலீஸ் டீம் ஒரு பக்கம், இந்தியா டீம் ஒரு பக்கம். ரோவர்ஸ் கோப்பை வரிசையா ஆறு தடவை."

"அஞ்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கென்னடா தெரியும்?" என்றேன்.