புன்னைக்காயல் வரைக்கும்

பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது தாமிரபரணி. மலையிறங்கியதும் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரை வாய்க்கால்களுக்குத் திருப்புகின்றன. மணிமுத்தாறும் சிற்றாறும் வழியில் வந்து சேர்ந்தாலும், கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியபின் கோடையில் மிஞ்சுவது சொற்பம். மழைக்காலத்தில் அந்த மிச்சம் பெருகினால், ‘தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறது’ என்ற பேச்சு கிளம்பிவிடும். கழிமுகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர் அந்த ‘வீண்’ என்ற சொல்லை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘எஸ்சுவரி’ என்ற பெயர், கடலேற்றத்தைக் குறிக்கும் ‘ஈஸ்டஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயரில் கடல் இருக்கிறது, ஆறு இல்லை. ஆனால் ஆற்றுநீர் வராத கழிமுகம் வெறும் உப்பங்கழிதான். கனம் கூடிய உப்புநீர் அடியில் ஏறிவர, நன்னீர் அதன்மேல் வழிந்து மெல்லக் கலக்கிறது. ஆறு சுமந்துவந்த நுண்களிமண் உப்பு பட்டதும் திரண்டு படிகிறது. அந்தச் சேற்றில்தான் புன்னைக்காயலின் அலையாத்தி வேரூன்றுகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் உப்புக் குறைந்த இந்நீரில் வளர்ந்த பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்றின் வேகம் தளர்ந்தால் அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். உப்பு நிலத்தடியில் ஊர்ந்து கிணறுகளைக் கெடுக்கும்.

வயல் காயும்போது இறாலுக்கா தண்ணீர் என்று கடைமடை விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் கடலுக்குப் போகும் நீரில் பெரும்பகுதி சில நாள் வெள்ளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை எந்த அணைக்கட்டு தேக்கும்? குளங்களைத் தூர்வாரி முடிந்தவரை பிடித்துவைக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. கழிமுகம் கேட்பது வேறு: வறண்ட மாதங்களிலும் அறுபடாத ஒரு சிறு ஓட்டம்.

ஆறு கொண்டுவந்த வண்டலே துறைமுகங்களைத் தூர்த்தது என்பார்கள். உண்மைதான். பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே கிடக்கிறது. மார்க்கோ போலோ எழுதிய காயலும் அப்படியே. துறை கடலோடு நகர்ந்தது. 1586இல் தமிழ் நூல் அச்சான புன்னைக்காயல் அந்த நகர்வின் கடைசி ஊர். வணிகருக்கு அது நட்டம், உழவருக்கு அதே வண்டல் நிலமாயிற்று. முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்கள் அப்படிப்பட்ட ஆற்று மண்ணில்தான் நிற்கின்றன. உப்பு ஏறினால் முதலில் கருகுபவையும் அவைதான்.