அடிக்காந்தல்

தர்மபுரியிலிருந்து சிநேகிதிகள் நாலு பேர் பெங்களூர் போயிருந்தோம். அங்கே குடியேறிவிட்ட ஐந்தாமவள், "புதுசா ஒரு ஸ்பெயின் ஓட்டல் வந்திருக்குடி, ஒரே கூட்டம்!" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

'பாயேயா' வந்தது. வாலென்சியா பக்கத்துச் சாதமாம். பேர் என்னவோ அந்தத் தட்டை வாணலிக்குத்தான். குட்டை அரிசி, கோழி, பீன்ஸ், குங்குமப்பூ. அரிசி போட்டபின் கிளறவே கூடாதாம். நம் கை சும்மா இருக்குமா!

எல்லோருக்கும் மேல் சாதத்தைப் பரிமாறிவிட்டு, அடியில் ஒட்டியிருந்த காந்தலைச் சுரண்டி என் தட்டில் போட்டுக்கொண்டேன். 22 வருஷமாக வீட்டில் என் பங்கு அதுதானே.

"அடிப்பாவி! அந்த ஊர்ல அதுக்குத்தாண்டி போட்டி. 'சோக்கராட்'னு தனிப் பேரே உண்டு" என்று சிநேகிதி கையை நீட்டினாள். தட்டை இழுத்துக்கொண்டேன். பொன்னிறமாய், மொறுமொறுவென்று... கருகல் இல்லை, அதுதான் பக்குவம்.

ஊர் திரும்பிய மறுநாள் தக்காளி சாதம் லேசாய் அடிப்பிடித்தது. காந்தலை நாலு பங்காக்கி எல்லோர் தட்டிலும் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றான் சின்னவன்.

"ஸ்பெயின் பலகாரம்டா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார்.